தாய்மாமன் சைஸ்

எங்கள் டிசைன் கல்லூரியில் வருடத்துக்கு ஒரு வாரம் வகுப்பு கிடையாது. அதற்குச் சுயகற்றல் வாரம் என்று பெயர். யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். எதைக் கற்பது, எங்கே போய்க் கற்பது என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் என்ன கற்றோம் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். நான் எழுதித் தந்த இரண்டு பக்கத்தையும் இப்போது துறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். 'கேட்டவரின் தேவையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்' என்று மேடம் ஓரத்தில் பச்சை மையில் வேறு எழுதியிருக்கிறார். அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சந்திரலேகா. கடலூர் தேவனாம்பட்டினம். அப்பா கடலுக்குப் போகிறவர். நான் சென்னையில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். என் கூடப் படிக்கிறவர்கள் அந்த வாரத்துக்கு எங்கெங்கோ போனார்கள். ஒருத்தி காளான் வரைவதற்குக் கொடைக்கானல் போனாள். ஒருத்தன் ஏழு நாள் வாயே திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதற்குச் சந்தோஷமாக ஒத்துழைத்தோம். எனக்கு வீட்டுக்குப் போய் அம்மா வைக்கிற மீன்குழம்பைச் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர ஒரு லட்சியமும் இல்லை. அதை எழுதிக் கொடுக்க முடியாது. அக்கா வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற ரோட்டில், ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து தெருவோர வடிவமைப்பைக் கற்கப் போவதாக எழுதிக் கொடுத்தேன். மேடம் உருகிப் போய்விட்டார்.

தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் போவேன், சாயங்காலம் திரும்புவேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். பின்னால் மறைப்புக்கு அந்தப் பக்கம் பிரிண்ட் மெஷின். நாள் முழுக்க மை வாடை. ஜெயப்பிரகாஷ் மாமா எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை, அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. மெஷின் நடுவில் நின்றுவிட்டால் அதைத் திட்டுவார், ஓடினால் போனில் யாரையாவது திட்டுவார். என்னை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, வருகிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை முதல் வேலை ஒரு புதுமனை புகுவிழா பேனர். நான் படித்த படிப்பையெல்லாம் அதில் இறக்கினேன். ஒரே ஒரு வீட்டுப் படம், கீழே நான்கு வரி, மற்ற இடம் முழுக்க வெள்ளை. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. வாங்க வந்த பெரியவர் பேனரைத் தரையில் விரித்துப் போட்டு, அந்த வெள்ளை இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இந்த எடத்துல பிரிண்டு வுழலியாம்மா?" என்றார்.

நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஜெயப்பிரகாஷ் மாமா ஓடி வந்து, வேறு போட்டுத் தருகிறேன் என்று அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார். அந்த வெள்ளையில் குடும்பத்தார் பதினான்கு பேரையும் ஒரு குத்துவிளக்கையும் கொண்டுவந்து நிரப்பினேன். மறுநாள் வந்த பெரியவர் இதுதான் பேனர் என்றார்.

அதற்கப்புறம்தான் அந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தேன். 'அளவு' என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தால் வெறும் வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: அப்பா சைஸ், தாய்மாமன் சைஸ், பங்காளி சைஸ், பொடிசு. அப்பா சைஸும் தாய்மாமன் சைஸும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவு. இரண்டு வட்டத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்று ஜெயப்பிரகாஷ் மாமாவிடம் கேட்டேன். முன்பு ஒரு பேனரில் தாய்மாமன் முகம் இரண்டு விரற்கடை சின்னதாகிப் போக, அவர் கொண்டுவந்த சீர்வரிசைத் தட்டு அத்தனையும் மண்டப வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டதாம். அன்றைக்குப் போட்டது இந்த ஃபைல் என்றார்.

மூன்று நாளில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு பேனரில் புதிதாக ஒரு முகம் வந்தால் யாரையாவது சின்னதாக்கித்தான் அதற்கு இடம் பண்ண முடியும். அப்பாவைத் தொட முடியாது, மாமனைத் தொட முடியாது, பங்காளியைத் தொட்டால் கொலை விழும். ஆகவே யாருக்காகப் பேனரோ அவர்களைத்தான் சின்னதாக்க வேண்டும். கல்யாணம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும், காது குத்து என்றால் குழந்தை. அவர்களுக்காகச் சண்டை போட எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை. இதை நான் கண்டுபிடித்தபோது என் கல்லூரியில் இரண்டு வருடமாகக் கற்றதைவிட ஜாஸ்தியாகக் கற்றுவிட்ட மாதிரி இருந்தது.

புதன்கிழமை மதியம் எங்கள் ஊர் அரசு சித்தப்பா கடைக்கு வந்தார். சித்தப்பா என்றால் கூடப் பிறந்த சித்தப்பா இல்லை, தெரு முறை. கூடவே அவருடைய மகள் தமிழினியும், அவளுக்குத் தாய்மாமனும் சித்தப்பாவுக்கு மச்சானுமான பழனிவேல் மாமாவும். தமிழினி எட்டாம் வகுப்பு. போன மாதம் வயசுக்கு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரத்தில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா. பட்டுப்புடவை எடுக்கச் சிதம்பரம் வந்தவர்கள், நம்ம பொண்ணுதானே கடையில் உட்கார்ந்திருக்கிறது என்று அப்படியே பேனருக்கும் சொல்ல வந்துவிட்டார்கள்.

பன்னிரண்டுக்கு எட்டு அடி. நடுவில் தமிழினி ஆளுயரத்துக்கு. ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவைப் பழனிவேல் மாமா போனில் காட்டினார். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, கையில் ஒரு பிளாஸ்டிக் கிளி. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். மண்டபத்தில் ஒன்று இருக்கிறதாம். இது ஊருக்குள், ஸ்கூல் கேட்டை ஒட்டின மாதிரி. அங்கேதானே ஜனம் போக வர இருக்கும் என்றார் சித்தப்பா. அவரும் பழனிவேல் மாமாவும் நடுவில் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். இந்த விசேஷத்தில்தான் மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். அதனாலோ என்னவோ இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுத்துப் பேசிக்கொண்டார்கள், பார்க்கக் கண்றாவியாக இருந்தது.

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். தமிழினி ஸ்டூலில் உட்கார்ந்து மானிட்டரில் பிளாஸ்டிக் கிளியோடு இருக்கிற தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, என்னுது சின்னதாப் போடுறீங்களா? எங்க கிளாஸ் பசங்களுக்கு யாருன்னு தெரியாத மாதிரி."

எனக்கு மேற்கொண்டு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் என் சடங்குக்கு வைத்த பேனர் நின்றது. மூன்று மாதம் நின்றது. முதல் வாரமே எனக்கு மீசை வரைந்துவிட்டார்கள். அப்புறம் அது கிழிந்ததும் எங்கள் அப்பா வீணாக்க வேண்டாம் என்று கொண்டுபோய் வலை மேல் மூடி வைத்தார், முகம் மேலே பார்க்கிற மாதிரி. பன்னிரண்டாவது முடிக்கும்வரை என்னைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சந்திரலேகா என்று கூப்பிட்டதில்லை, பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அழுததற்கு இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. என்னைக் கேட்டா வைத்தீர்கள் என்று அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.

தமிழினியிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் கடலைமிட்டாயைப் பிரித்தாள்.

சித்தப்பாவிடம் நேராகப் போய் உங்கள் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சின்னப் பிள்ளை, அதுக்கென்ன தெரியும் என்றிருப்பார். நான் அப்பாவிடம் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துப் பதில் கிடைத்திருக்கும். ஆகவே நான் மூன்று நாளில் கற்றதை வைத்தே வேலையைப் பார்த்தேன். அன்றைக்கு அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது பத்தொன்பது முகம். சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் பழனிவேல் மாமாவுக்குப் போன் போட்டேன். உங்கள் பங்காளி சிங்காரம் மாமா போட்டோ வரவில்லையே, அவரை விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஐயையோ, அவனை வுட்டா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது என்றார். பத்து நிமிஷத்தில் சிங்காரம் மாமா என் போனில் வந்து இறங்கினார், கறுப்புக் கண்ணாடியோடு.

அடுத்து சித்தப்பாவுக்கு. மாமா வீட்டுப் பக்கம் இப்போது பத்துப் பேர், உங்கள் பக்கம் ஒன்பதுதான் இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்று எந்த மனுஷன் சொல்வான்? வியாழக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தொன்று. ஊர்ப் பெரியவர் தட்சிணாமூர்த்தி எல்லோர் தலைக்கும் மேல் தனி வட்டத்தில் வர வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்ல, அவர் வந்தால் எங்கள் பக்கத்து ஆளும் மேலே வர வேண்டும் என்று இன்னொரு பக்கம். நான் எல்லாவற்றுக்கும் சரிங்க மாமா, சரிங்க சித்தப்பா என்றேன். ஒவ்வொரு முகம் வரும்போதும் தமிழினியை இழுத்து ஒரு சுற்று சின்னதாக்கினேன். ஆளுயரத்தில் இருந்தவள் இடுப்பளவு ஆனாள், பிறகு தேங்காய் அளவு ஆனாள். வெள்ளிக்கிழமை காலையில் நாற்பத்தைந்து முகத்துக்கு நடுவில் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நடுவில் பொத்தல் மாதிரி தெரிந்த இடத்தில் கடையில் இருந்த ஜோடி மயிலைக் கொண்டுவந்து வைத்தேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்டது அதுதான். கிளாஸ் பசங்கள் என்ன, பெற்ற தாயே கிட்டே போய்த்தான் அடையாளம் சொல்ல முடியும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பழனிவேல் மாமாவிடமிருந்து இன்னொரு போட்டோ வந்தது. ராஜமாணிக்கம், சிங்கப்பூரில் வேலை, அவரை விட்டால் வருத்தப்படுவார். எங்கே வைப்பது என்று பார்த்தேன். சுவரில் ஒட்டியிருக்கிற இரண்டு பக்கத்தில், இடம் இல்லாமல் போனதால் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். கீழ் வரிசையில் பொடிசுகளுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. தமிழினியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராஜமாணிக்கத்தை வைத்தேன். பேனரில் 'எங்கள் செல்ல மகளின் மஞ்சள் நீராட்டு விழா' என்று இருக்கிறது, பெரிய எழுத்தில், பூப்போட்டு. ஆள் இல்லை. யாராவது கேட்கிறார்களா பார்ப்போம் என்று நினைத்தேன். கேட்டால், ஐயோ மறந்துவிட்டேன் சித்தப்பா என்று திரும்ப வைத்துவிடலாம் என்று தைரியம்.

பேனரைப் பார்த்து ஒப்புதல் சொல்வதற்கென்றே பழனிவேல் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்திருந்தார். ஆம்பிளைகள் மட்டும் இருபத்தேழு பேர். சித்தியோ வேறு பெண்களோ அதில் இல்லை. படத்தை அனுப்பின ஒரு நிமிஷத்தில் பதில் வர ஆரம்பித்தது. ஒருத்தருக்கு மீசை நரைத்துத் தெரிகிறதாம், கறுப்பாக்க வேண்டும். ஒருத்தர் தம்பியைவிடக் கீழே இருக்கிறாராம். ஒருத்தர் பெயருக்குப் பக்கத்தில் 'விசைப்படகு உரிமையாளர்' விட்டுப்போச்சு. எல்லாவற்றையும் திருத்தி இன்னொரு தடவை அனுப்பினேன். சித்தப்பா மட்டும் போனில் கூப்பிட்டார். இதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மச்சானும் நானும் ஒரே அளவுதானம்மா இருக்கோம்?" என்று கேட்டார்.

ஒரே அளவுதான் சித்தப்பா என்றேன். சரிம்மா, போட்டுடு என்றார். கொஞ்ச நேரத்தில் குரூப்பில் மூன்று கும்பிடும் கை, ஒரு சூப்பர்.

ஜெயப்பிரகாஷ் மாமா பிரிண்ட் போடும்போது நடுவில் மயில் யார் கேட்டது என்றார். பொண்ணு வீட்டில்தான் என்றேன். மயிலுக்கு மை ஜாஸ்தி இழுக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே மெஷினைத் தட்டிவிட்டார். பேனர் அடி அடியாக வெளியே வந்தது. நாற்பத்தாறு முகம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த டிசைன்களிலேயே கச்சிதமானது இதுதான் என்று நினைத்தேன். ஒரு முகத்தைக்கூட வெறுமனே வைக்கவில்லை, ஒவ்வொன்றும் ஒரு வேலை பார்க்கிறது.

சுருட்டிக் கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோனேன். மறுநாள் சனிக்கிழமை காலையில் ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். நான் எதிரில் பெட்டிக்கடையில் நின்று பார்த்தேன். கரைக்குப் போகிறவர்கள், மீன் வாங்கி வருகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துத் தங்கள் முகத்தைத் தேடினார்கள். கிடைத்ததும் விரலால் காட்டினார்கள். சிங்காரம் மாமா தன் முகத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்தார், பேனரில் போட்டிருந்த அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. பழனிவேல் மாமா நூல் பிடிக்காத குறையாகச் சித்தப்பா முகத்தையும் தன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். ட்யூஷன் முடிந்து பையன்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். கேலி செய்ய ஒன்றும் அகப்படாமல் மயிலைப் பார்த்து அகவிவிட்டுப் போனார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. எனக்கு அன்றைக்கு இப்படி ஒருத்தி கிடைக்கவில்லை, இவளுக்குக் கிடைத்திருக்கிறாள் என்றும் தோன்றியது. வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் மண்டபத்துக்கு அம்மாவோடு போனேன். வாசலில் சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. மேடையில் தமிழினியைச் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றேன். எனக்கு அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும், வேறு எதற்கும் போகவில்லை.

கார்ல வரும்போது பேனரைப் பார்த்தேன் என்றாள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கித் தேடினாளாம். முதலில் மேலே தேடி, அப்புறம் கீழே பொடிசுகள் வரிசையில் தேடி. நேரமாகிறது என்று வண்டியில் ஏற்றிவிட்டார்களாம்.

"எங்கக்கா இருக்கேன்?" என்றாள்.

நீ எங்கேயும் இல்லை, சுத்தமாக எடுத்துவிட்டேன் என்று அவள் காதோடு சொன்னேன். அதற்காகப் பட்ட பாட்டையும் சொன்னேன். சிங்காரம் மாமா, சிங்கப்பூர்க்காரர், குரூப், மூன்று கும்பிடும் கை, எல்லாம். அவள் சிரிக்கவில்லை. மாட்டிவிட்டிருந்த மூக்குத்தி குத்தியதால் முகத்தை ஆட்ட முடியாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லன்னு யாருமே கேக்கலியா?"

"ஒருத்தர்கூடக் கேக்கல," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கிற நேரத்தில்தான் அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. அதற்குள் வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது. உங்க அப்பா கேட்டாரு, நான்தான் ஏமாத்திட்டேன் என்று ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்? வீட்டில், கல்லூரியில், மேடத்திடம், எல்லோரிடமும் பொய் சொல்லத் தெரிந்த எனக்கு அந்த நேரத்தில் அது வரவில்லை.

போட்டோக்காரர் அப்பாவைக் கூப்பிட்டார். சித்தப்பா பட்டுவேட்டி தடுக்கத் தடுக்க மேடையேறி வந்து தமிழினி நாற்காலிக்குப் பின்னால் நின்று, பூ கலையாமல் அவள் தலையில் மெதுவாகக் கையை வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. மகளை உயிராகப் பார்த்துக்கொள்கிறவர், ஊருக்கே தெரியும்.

தமிழினி திரும்பாமல் கேமராவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பேனரு பாத்தியாப்பா?"

"பாக்காம? நேத்தே மூணு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்தேன்," என்றார் சித்தப்பா. "எல்லாரும் இருக்காங்க. ஒருத்தர் வுட்டுப்போவல."

தமிழினி சரிப்பா என்றாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். நான் மேடையை விட்டு இறங்கி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.